நெடுநாள் நின்ற அம்பாசிடரை எழுப்புதல்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நெடுங்காலம் கொட்டகையில் நின்ற காரை மீண்டும் ஓடவைக்கும் கலை சமவெளிக்கு ஒன்று, கொல்லிமலைக்கு வேறொன்று. சமவெளியில் வண்டியைக் கிளப்புவதுதான் சிக்கல். நிற்பது தானாக நடக்கும். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள கொல்லிமலையிலிருந்து காரவள்ளி அடிவாரத்தை எட்ட 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகவே இங்கு எந்த வண்டியும் கிளம்பிவிடும், இன்ஜின் இல்லாத வண்டி உட்பட.

ஆய்வுக்குரிய கார் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி 1950களின் பிற்பகுதியில் உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதம் உற்பத்தி நின்ற இக்காரை உரிமையாளர்கள் எளிதில் விற்பதில்லை, ஓரமாக நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்திவைத்தல் பேச்சளவில் பாதுகாப்பு, நடைமுறையில் தானம்: பின்சீட்டு கோழிக்கு, ஏர் ஃபில்டர் எலிக்கு, சைலன்சர் குழாய் குளவிக்கு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலையில் இது வியப்பன்று.

பானட்டைத் திறந்த சிறிது நேரத்தில் ஆலோசகர்கள் கூடுவர். "செல்ஃப் எடுக்குதா?" என்று கேட்போர் ஒரு வகை, "எங்க மாமா வண்டியும் இப்படித்தான்" என்று தொடங்குவோர் மற்றொரு வகை. தள்ளும் வேளையில் இரண்டாம் வகையினர் எங்கே மறைகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

முதல் வேலை, இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்ப்பது. பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். பழைய மாடல்களுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. கைப்பிடி அசையாவிட்டால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. ஆய்வு அங்கேயே முடிந்து செலவு தொடங்குகிறது. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட வேண்டும். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்; எத்தனால் கலந்ததென்றால் பனிமூட்டத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவைத்திருக்கும்.

அடுத்து, அறிஞர் உலகை இரண்டாகப் பிளந்த கேள்வி. புதுப் பேட்டரி வாங்கத்தான் வேண்டுமென்பது ஒரு பிரிவு. சரிவு இருக்கப் பேட்டரி எதற்கு, செகண்ட் கியரில் போட்டு உருட்டிக் கிளட்சை விட்டால் போதும் என்பது மறுபிரிவு. டீசல் வண்டியைப் பொறுத்தவரை மறுபிரிவின் வாதத்தில் வலு உண்டு. அழுத்தத்தில் சூடேறும் காற்றே அங்கு டீசலைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் வண்டிக்கு அது பொருந்தாது. பேட்டரி அடியோடு செத்திருந்தால் காயிலுக்கு மின்சாரம் கிடைக்காது. பிளக்கில் பொறியும் வராது. வண்டி உருளும், அவ்வளவுதான்.

உருளும் வண்டி எங்கே நிற்கும் என்பதை இரு பிரிவினருமே விவாதிப்பதில்லை. ஆய்வின் மையம் அதுவே. பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் செல்கிறது. வீல் சிலிண்டரில் ஒரு வாஷர் கிழிந்தாலும் நான்கும் போகும். நின்ற வண்டியில் வாஷர் விறைத்திருக்கும், ஆயில் ஈரம் வாங்கியிருக்கும், டிரம் துருவேறி லைனிங்கோடு ஒட்டியிருக்கும். ஒட்டிய டிரம்மைக் கண்டு ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று மகிழ்வோர் உண்டு. எனவே இம்மலையில் வேலையின் வரிசை மாற வேண்டும்: வாஷர், ஆயில், டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள், அதன் பிறகே பிளக்கும் பேட்டரியும். இன்ஜினைக் கிளப்பிவிட்டுப் பிரேக்கைப் பார்க்கலாம் என்பவர் 70 வளைவுகளில் முதலாவதையே கணக்கில் எடுக்காதவர்.

உயரத்தின் பங்கும் சிறிது உண்டு. மேலே காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாகத் தரும்; கரும்புகை வரும். மூடியில்லாப் பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரிக்கு அருகிலேயே கொதிப்பதால், மூடி சரியில்லாத ரேடியேட்டர் ஏற்றத்தில் சீக்கிரம் பொங்கும்.

கடைசியாகச் சட்டம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகமோ அடிவாரத்துக்கும் அப்பால் இருக்கிறது. வண்டி சாலையில் செல்லத் தகுதியானது என்ற சான்றைப் பெற, அச்சான்று இல்லாமலே 70 வளைவுகளும் இறங்கியாக வேண்டும். இம்முரண்பாட்டுக்குத் தத்துவத் தீர்வு இல்லை. நடைமுறைத் தீர்வு, காரைச் சிறிய லாரி ஒன்றில் ஏற்றி அனுப்புவது. நாமக்கல் மாவட்டத்தில் லாரிக்குப் பஞ்சமில்லை.