வழிவினாவும் விடைத்தேர்வும்: புதுவை நகரை முன்வைத்து ஒரு பேராய்வு

தமிழில் வினாவுக்கும் பஞ்சமில்லை, விடைக்கும் பஞ்சமில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்து வைத்துவிட்டார். எட்டு பேர் எட்டு விதமாகச் சொன்னால் கேட்டவன் எதை நம்பி நடையைக் கட்டுவது என்பதற்கு மட்டும் நூற்பா செய்யாமல் போய்விட்டார். இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது. இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என்று எல்லா ஆய்வேடுகளும் சொல்லிக்கொள்வதால் இதுவும் சொல்லிக்கொள்கிறது.

ஆய்வுக்களம் புதுச்சேரி. ஆய்வு வினா: “பாரதியார் இருந்த வீடு எங்கேங்க?”

வினாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பாரதி 1908 முதல் 1918 வரை இவ்வூரில் இருந்தார். இன்று நினைவு இல்லமாக இருக்கும் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. பாரதி வீதி என்று தனியாக ஒன்று உண்டு. வீடு அதில் இல்லை. பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறது. வீடு அங்கும் இல்லை. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். குயில் தோப்போ கருவடிக்குப்பம் பக்கம். ஆக ஒரே கேள்விக்கு ஐந்து விடை தயாராக இருக்கிறது, ஐந்திலும் பாரதி இருக்கிறார். ஆய்வாளனுக்கு இப்படி ஓர் ஊர் வாய்ப்பது பூர்வ புண்ணியம்.

இனி விடை வகைகள்.

சுட்டு விடை: “தோ, அந்தாண்ட.” வாய் ஒரு பக்கமும் கை இன்னொரு பக்கமும் சுட்டினால் கையே மூலம், வாய் இடைச்செருகல் (டீக்கடை பெஞ்சு, வடக்கு ஓரம், முதல் கிளாஸ்).

மறை விடை: “தெரியாது.” சான்று கிடைக்கவில்லை.

நேர் விடை: “சொல்றேன், இருங்க.” இதன் பிறகு டீ வரும், வழி வராது.

ஏவல் விடை: “கூகுள்ல போடுங்க.”

வினா எதிர் வினாதல்: “நீங்க எந்த ஊரு?” விழுப்புரம் என்றால் ஒரு வழி, சென்னை என்றால் வேறு வழி, வெள்ளைக்காரராக இருந்தால் ஆட்டோ (மேலது, இரண்டாம் கிளாஸ், சர்க்கரை கம்மி).

உற்றது உரைத்தல்: “நானே இப்பதான் கடலூர்லேர்ந்து வரேன்.”

உறுவது கூறல்: “இந்த வெயில்ல நடந்தா மயக்கம்தான் வரும்.” ஆட்டோ நிறுத்தத்தில் மட்டும் வழங்கும் வட்டார வழக்கு (ஆட்டோ முதுகுக் கல்வெட்டு, ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்ற வரிக்குக் கீழே, சேறு பட்டுப் பாதி சிதைந்தது).

எட்டாவது இனமொழி விடை. கேட்டதை விட்டுவிட்டு அதன் உறவுக்காரனைச் சொல்வது. “பாரதி பார்க்குதானே? தோ, கவர்னர் மாளிகை எதிர்ல.” கேட்டவர் பூங்காவுக்குப் போய் நிழலில் உட்கார்ந்து, வந்த காரியத்தை மறந்து, திருப்தியோடு ஊர் திரும்புகிறார். தவறான விடை இத்தனை இன்பம் தரும் இடம் இலக்கணத்தில் வேறில்லை.

எட்டிலும் அடங்காத ஒன்பதாவது விடை புதுவைக்கே உரியது: “நேரா போங்க.” 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699இல் திருப்பிக் கொடுப்பதற்குள் தெருக்களுக்குக் கட்டம் போட்டு வரைபடம் தீட்டிவிட்டார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டத்தை விடவில்லை. எங்கே நின்று கேட்டாலும் ஒரு நேர் தெரு கிடைக்கும். ‘நேரா போங்க’ ஒருநாளும் பொய்யாகாது. கிழக்கே பார்த்துச் சொல்லியிருந்தால் மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

இவற்றுள் எதை ஏற்பது? மூன்று கொள்கைகள் உள்ளன.

முதலாவது பெரும்பான்மைக் கொள்கை. இதற்குப் புதுவையே முன்னுதாரணம். இந்தியாவோடு சேர்வதா என்ற வினாவுக்கு 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் விடை சொன்னார்கள்: 170 பேர் சேர்வோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்து சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. விடை கிடைத்த பிறகு அதை ஏற்க எட்டு ஆண்டு. பாரதி வீட்டுக்குப் போகிறவருக்கு அவ்வளவு விடுப்பு கிடைக்காது. மேலும் பெஞ்சில் உள்ள ஐந்து பேரும் ஒரே வழியைச் சொன்னால் அது ஐந்து விடை ஆகாது. முதலாமவர் சொன்னார், மற்றவர்கள் அவரோடு பகை வேண்டாம் என்று தலையாட்டினார்கள் (மேற்படி பெஞ்சு, ஆள் வேறு, உரையாசிரியர் வடை போடுபவர், முதற்பதிப்பு காலையில், அவர் மனைவி வந்தபின் திருத்திய பதிப்பு).

இரண்டாவது தாய்ச்சுவடிக் கொள்கை. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. அதன் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. சுவடி ஒப்பிடுவோரிடம் ஒரு விதி உண்டு: இரண்டு பாடங்களில் எது கடினமோ அதுவே பழையது, ஏனென்றால் படியெடுப்பவன் கடினத்தை எளிமையாக்குவானே தவிர எளிமையைக் கடினமாக்க மாட்டான். இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் நடக்க முடியாத வழியே மெய்வழி. “வாய்க்காலைத் தாண்டுங்க, மூணாவது லெஃப்ட்ல ஒடிங்க, அங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சு, வெட்டிட்டாங்க, அதுகிட்ட கேளுங்க” என்று ஒருவர் சொன்னால் விழுந்து கும்பிட்டு ஏற்க வேண்டும்.

இல்லாத மரத்தை எண்ணிச் சிரிப்பவர்கள் மேரி கட்டடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பழைய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க “மேரிக்குப் பக்கத்துல” என்று வழி சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். கட்டடம் திரும்பி வந்தபோது விடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டடம்தான் வந்து அவற்றோடு பொருந்திக்கொண்டது. இதிலிருந்து, வெட்டிய வேப்பமரமும் காத்திருந்தால் முளைக்கும் என்று துணிகிறோம் (இல்லாத மரத்தின் நிழலில் நின்றவர், வாய்மொழி, அடிக்குறிப்பு கிடைத்தது, அடிமரம் கிடைக்கவில்லை, ஒப்பு: எதிர்வீட்டு ஆயா, திண்ணை, மாலைப் பதிப்பு, ‘அது புளியமரம்’ என்று பாடபேதம்).

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீதி ஒன்று தள்ளி வழி சொல்லும் ஆட்டோக்காரரை ஏமாற்றுக்காரர் என்கிறோம். தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளுகிறவருக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். ஆட்டோக்காரர் குறைந்தபட்சம் கூடவே வருகிறார்.

மூன்றாவது கொள்கை பெயரற்றது. நடைமுறையில் உள்ளது இது ஒன்றே. கேட்டவர் ஏற்கெனவே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ, அந்தப் பக்கத்தைச் சொன்னவர் விடையே ஏற்கப்படுகிறது. முதல் இரண்டு கொள்கைகளையும் பின்பற்றியவர்கள்கூட முடிவில் இதன்படிதான் நடந்தார்கள்.

மேலாய்வுக்கு இடமுள்ள தலைப்புகள்: ஆட்டோ விடைகளில் அறக்கருத்துகள், டீக்கடை விடைகளில் கையசைவு, ஓர் ஒப்பீடு, ‘நேரா போங்க’வில் மெய்ப்பாடு, இல்லாத மரங்களின் சமூகவியல். நெறியாளர்கள் தயாராக இருக்கிறார்கள். பாரதி வீட்டைக் கண்டுபிடித்துத் தரும்படி மட்டும் எந்த மாணவரையும் கேட்கக்கூடாது. அது ஆய்வு வரம்புக்குள் வராது.