வட்டுப் பதிப்பியலும் தாய்மாமன் முகமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் பல்லி விழும் பலனுக்கு நூல் உண்டு. குதிரைச் சுழிக்கும் நூல் உண்டு. காதுகுத்து டிவிடியின் முதுகில் படம் அடிக்க எந்த இங்க்ஜெட் பிரிண்டர் உகந்தது என்பதற்கு மட்டும் இலக்கணம் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கியதிலிருந்து கூடலூர் வரை வழிநெடுக ஸ்டுடியோக்கள் உள்ள பள்ளத்தாக்கில் இக்குறை நீடிக்கலாகாது.

தொல்காப்பிய நெறிப்படி முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலமாவது வட்டு. குறுக்களவு 120 மி.மீ., கனம் 1.2 மி.மீ., வளையாதது. ஏ4 தாளைப் போல உருளையில் சுற்றி இழுக்க முடியாது. ஆகவே முன்புறம் நேராக நுழையும் டிவிடி ட்ரே இருந்தாக வேண்டும். எப்சன் எல்800, பின்வந்த எல்805 ஆகிய ஆறு கலர் டேங்க் பிரிண்டர்கள் ஸ்டுடியோக்களில் குடிபுகுந்தது இதனால்தான் என்பது ஒரு சாரார் கருத்து. போட்டோவும் நன்றாக வரும் என்பதால் என்பது மறுசாரார் கருத்து. இரண்டும் சரி, ஆய்வுக்கு அதுதான் இடையூறு. ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா என்ற பழங்கொள்கையினர், வேகச் சுழற்சியில் ஓரம் பெயர்ந்து பிளேயருக்குள் சிக்கியதைச் சுரண்டி எடுத்தபின் மனம் மாறினர்.

இனி ஓட்டை. பிரிண்டபிள் வட்டில் வெள்ளைப் பூச்சு 22 மி.மீ. வட்டத்துக்கு வெளியே தொடங்கி 118 மி.மீ. வரை செல்லும். கணக்குப் போட்டால் நடுவே இழப்பது மூன்றரை சதவீதம்தான். ஆனால் காதுகுத்துப் படத்தில் குழந்தை தாய்மாமன் மடியில், மாமன் படத்தின் நடுவில். ஆட்டுக்கிடாய், தேங்காய் பழத் தட்டு, செண்டை மேளம் சகிதம் சீர் கொண்டுவந்தவரின் முகம் அந்த மூன்றரை சதவீதத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். “ஏந்தம்பி, லாரி நெறைய சீரு கொண்டாந்த எங்கண்ணன் மூஞ்சியிலயா ஓட்டையப் போடுவ?” என்று குழந்தையின் தாய் கேட்டால் எந்த டிபிஐயும் விடை சொல்லாது. பூச்சு 46 மி.மீ.யில் தொடங்கும் பழைய ரக வட்டானால் மாமனோடு அத்தையும் போய்விடுவார். குழந்தையை ஒரு பக்கமும் மாமனை மறுபக்கமும் தள்ளி, நடுவில் பூங்கொத்து வைப்பது விவரமான டிசைனர்கள் கண்ட வழி. பூங்கொத்துக்குச் சொந்தபந்தம் இல்லை.

பொழுதே இவ்வாய்வின் கருதுகோள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமில்லை; புரட்டாசியைப் பலர் தவிர்ப்பர். ஆனியிலிருந்தே கம்பம் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று ஊதும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுற்றும் அதே காற்று கடைக்குள் புழுதியாக நுழையும். சும்மா கிடக்கும் பிரிண்டரின் நாசிலில் மை உறையும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வட்டை நுழைத்தால் மணப்பெண்ணின் முகூர்த்தப் பட்டில் கோடு கோடாக விழும். ஹெட் க்ளீனிங் கொடுத்தால், காசு போட்டு வாங்கிய மை கழிவுப் பஞ்சுக்குப் போகும். பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். எனவே வாங்குமுன் புரட்ட வேண்டியது விலைப்பட்டியல் அன்று, பாம்புப் பஞ்சாங்கம். ஆடியிலும் ஆறு கலரும் ஓடும்படி பாஸ்போர்ட் போட்டோ, அம்மன் படம் என்று ஏதாவது வேலை வரும் கடைக்கே வட்டுப் பிரிண்டர் உகந்தது என்க.

உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தல், அதாவது டை மை பூச்சுக்குள் ஊறிக் காயும்வரை வட்டைத் தொடாமல் இருத்தல். முல்லைப் பெரியாறு பாயும் ஊர்களில் இது எளிதில் கைகூட வேண்டும், கூடுவதில்லை. காய்ந்துவிட்டதா என்று வாடிக்கையாளர் ஈரக் கட்டைவிரலால் பார்ப்பார். மாப்பிள்ளையின் மீசை கன்னத்துக்கு ஏறும்.

மேலாய்வுக்கு இடமுண்டா? லேப்டாப்பில் டிவிடி டிரைவ் ஒழிந்து, கல்யாண வீடியோ பென்டிரைவுக்குப் போய்விட்டது. ட்ரே மட்டும் ஒழியவில்லை. வட்டு போன வழியில் இப்போது பிவிசி அட்டை போகிறது. ஆதாரும் ஸ்கூல் ஐடியும் வருகின்றன. அட்டைக்கு நடுவில் ஓட்டை கிடையாது; தாய்மாமனும் கிடையாது. அது வேறு ஆய்வாளர் பாடு.