அலமாரிக் கதவும் இரண்டு அங்குலமும்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா? நான் விமானம் ஏறியபோது நம் மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் அதைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். ஒரு மாவட்டத்தையே கோணாமல் வெட்டுகிறார்கள். எனக்கு ஒரு கதவை வெட்ட வரவில்லை. சிரிக்காமல் படியுங்கள்.

இங்கே துணி அலமாரி என்றால் பீரோ இல்லை, சுவருக்குள்ளேயே ஒரு குட்டி அறை. நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் அதற்குக் கதவைக் காணோம். "கொலுவுக்கு வருகிறவர்கள் பொம்மையைப் பார்ப்பதா, உங்க லுங்கியைப் பார்ப்பதா?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். தச்சரைக் கூப்பிட்டால், அவர் கேட்ட கூலிக்கு நம் ஊரில் தேக்கிலேயே கதவு செய்துவிடலாம். ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு ஆள் எதற்கு என்று நானே இறங்கினேன்.

கடையில் 80 அங்குலக் கதவு வாங்கி வந்தேன். வாசலை அளந்தால் இடப்பக்கம் 78½, வலப்பக்கம் 78¼. பழைய வீடு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. போதாததற்குத் தரைமேல் மெத்தென்று கம்பளம் வேறு. நம் நூல் கணக்கு இங்கேயும் செல்லும், அங்குலத்துக்கு எட்டு நூல். ஆனால் 'இரண்டுக்கு நாலு' என்று விற்கிற கட்டையை வாங்கி அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் அளவை நம்பியது என் தப்பு.

உரசாமல் இருக்க இடைவெளியும் சேர்த்து, அடியில் இரண்டு அங்குலம் கோடு போட்டு அறுத்தேன். மின்ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறும். அதனால் நல்ல முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டுமாம். நான் அதை வானம் பார்க்க வைத்தேன். விளிம்பெல்லாம் அப்பளம் போலப் பொரிந்துவிட்டது. அதுகூடப் போகட்டும், அறுத்த துண்டு விழுந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன்: கதவுக்குள் மரமே இல்லை! முன்னும் பின்னும் மெல்லிய பலகை, நடுவில் தேன்கூடு மாதிரி அட்டை. ஓரத்தில் மட்டும் ஒரு அங்குலத்துக்குச் சொச்சம் கட்டை. அந்தக் கட்டையைத்தான் நான் முழுசாக அறுத்துத் தள்ளியிருந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பங்கு போட்டு எடுத்திருந்தால் கதவு பிழைத்திருக்கும். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள்.

நம் மாமல்லபுரத்து ஐந்து ரதத்தை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, அடிப்பக்கத்தை முடிக்காமலே விட்டுப் போனார்கள். 1984இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. எனக்கும் அடிப்பக்கம்தான் சொதப்பியது. ஆனால் யுனெஸ்கோ வரவில்லை, உங்கள் மருமகள்தான் வந்தாள். அந்தச் சிற்பிகளுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. திரௌபதி ரதத்து வாசலில் இரண்டு பக்கமும் காவல்பெண்களைச் செதுக்கி நிறுத்திவிட்டார்கள். கதவு என்ற தொல்லையே இல்லை.

கல்லில் எடுத்தது எடுத்ததுதான். இந்த அட்டைக் கதவில் எடுத்ததைத் திரும்பவும் வைக்கலாம். வெட்டிப்போட்ட துண்டிலிருந்து கட்டையைப் பிரித்து, ஒட்டியிருந்த பலகையைச் சுரண்டி, பசை தடவி, கதவின் வாய்க்குள் தள்ளினேன். இறுக்க இடுக்கி இல்லை. கதவைப் படுக்கப்போட்டு, மேலே கோயம்புத்தூர் கிரைண்டரையும் இருபது பவுண்டு அரிசி மூட்டையையும் ஏற்றினேன். அன்றிரவு வீட்டில் இட்லி மாவு ஆட்டவில்லை. விடிந்ததும் பார்த்தால் கட்டை கெட்டியாகப் பிடித்திருந்தது.

இப்போது கதவு மூடுகிறது. ஆனால் ஆகஸ்டுப் புழுக்கத்தில் லேசாக உரசுகிறது. ஐப்பசி மழையில் கதவு உப்பினால் உடனே இழைக்காமல், "இப்போ இழைச்சா பங்குனியில தெரு தெரியும்" என்பீர்களே, அதனால் கை வைக்காமல் இருக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டதும் மரம் சுருங்கிவிடும். அப்போதும் உரசினால்தான் இழைப்பேன்.

அதற்கு ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் தம்பி வரும்போது உங்கள் பழைய சின்ன இழைப்புளியைக் கொடுத்தனுப்புங்கள். பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் மீனம்பாக்கத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்