தூத்துக்குடிச் செல்வர் இலக்கணம்

முத்தையாபுரத்து உப்பள வரப்பில் நின்று ஆராய்ந்த வகையில், இக்கடற்கரைச் செல்வர் ஐவகைப்படுவர் என்க. ஆறாம் வகை உண்டென்பாரும் உளர். அவர் இன்னும் கண்ணில் படவில்லை.

முதலாமவர் தேர்ச்செல்வர். முத்துக்குளித்துறைச் சாதித்தலைவர் 1806-இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் ஓட்டியது சான்று. மூச்சடக்கி மூழ்கியவனுக்கும் வடம் பிடிக்கும் பேறு கிடைத்தது.

இரண்டாமவர் மோர்ச்செல்வர். சித்திரையில் பந்தல் போடுவார். பானையைவிடப் பதாகை பெரிது. விரிப்பின் பெருகும்.

மூன்றாமவர் பங்குச்செல்வர், அரிய இனம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு எடுத்து இரண்டு லட்சத்தைக் கடலில் இறக்கினார். போட்டியிட்ட வெள்ளைக் கப்பல் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்து, பிறகு பயணிகளைச் சும்மாவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்தது. 1908-இல் வ.உ.சி. சிறை போனார், 1911-இல் கம்பெனி கலைந்தது. கப்பல் மிதக்கும்வரை மட்டும் கூட வருவோரை மிதவைப் பங்காளர் என்க.

நான்காமவர் குழாய்ச்செல்வர். குரூஸ் பர்னாந்து ஒருவரே போதும். நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1927-இல் ஊருக்குள் கொண்டுவந்தார். பணத்தைவிடப் பதவியைச் செலவழித்தவர். எம் கருத்தில் ஐவருள் தலையாயவர் இவரே. மோர் குடித்தவன் வெயில் தாழ்ந்ததும் மறப்பான். குழாய்க்கு வரி கட்டுகிறவன் மறக்க வழியில்லை.

ஐந்தாமவர் சட்டச்செல்வர். 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். மற்ற 98 பற்றி உரையாசிரியர்கள் மௌனம்.

ஐயம்: கூலி எவ்வகைக் கொடை? விடை: எதிலும் அடங்காது, அடங்குமானால் கோரல் மில் தொழிலாளர் 1908-இல் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கியிருக்க வேண்டாம். கல்வெட்டில் பொறிக்கும் தருமங்களுக்கெல்லாம் முன்னதாகக் கொடுக்க வேண்டியது இதுவே என்பது எம் துணிபு.

புறனடை: உப்பளத்தில் வாருபலகை இழுத்துக் காய்த்த கைக்கும், உப்பின் வெள்ளையில் கூசும் கண்ணுக்கும் ஐப்பசி மழையோடு வேலை நின்றுவிடும். முன்பணம் தரும் அளக்காரர் உண்டு. அது பிறகு கூலியில் கழியும். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுப்பதோ அரசாங்கம்.