மட்டைக்குத் துள்ளல், மனிதருக்குக் குளிசை

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 40 வயது தாண்டியோருக்கு மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் உடம்பைப் பற்றிய கவலையே வேண்டாம். காலையில் பிறஷர் குளிசை, முழங்காலுக்குச் சித்தாலேப, கையில் கனடா மச்சான் அனுப்பிய ஃபைபர் மட்டை. 20 வயதில் எல்லைக்கோட்டை எட்டாத அடி இப்போது பக்கத்து வளவுப் பனையில் போய் விழுகிறது. எந்த டொக்டரால் முடியும்?

1979இல் பேர்த்தில் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து பழுதாகிறது என்று இங்கிலாந்துத் தலைவர் பிரியர்லி முறையிட்டார். பிறகு மட்டை மரத்தால்தான் இருக்கவேண்டுமென்று விதியே வந்தது. பந்துக்குக் காட்டிய இரக்கம்! நாங்கள் அவ்வளவு இளகிய மனதுக்காரர் அல்ல.

எதிரே பந்து வீசும் ஓய்வுபெற்ற அதிபரும் லேசுப்பட்டவரில்லை. ஏ-9 வீதியில் பொலிஸுக்காகப் போட்டுவந்த தலைக்கவசத்தைக் கழற்றி, மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் பக்குவமாய்க் கொழுவிவிட்டுத்தான் ஓடிவருவார். அடித்த பந்து திரும்பி வரும்போது குனிய அவருக்கு இரண்டு நிமிடம் வேண்டும். மட்டை தருவதோ அரை விநாடி. மிச்சத்தை முறிகண்டிப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

பாதுகாப்பைக் கழகம் மறந்துவிட்டதென்று யாரும் சொல்லக்கூடாது. கூட்டம் போட்டு, வெளிநாட்டுக் காசில் நல்ல தடித்த வலை வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால். அது வாடகைக்கு எடுத்தது. அதிபர் இனாமாய் வந்தவர்.