அரைச் சாண் வாங்கியவர்

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்குகிறவர்கள் காம்பைப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் ஓட்டை உள்ள காயாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டால், அவர்தான் மேக்ரோக்காரர், பூச்சி புழுவைக் கிட்டத்தில் பெரிதாகப் படம் எடுக்கிறவர். காய் வீட்டுக்கு, புழு அவருக்கு.

கோலார் தங்கவயலில் இந்த இனம் உருவானதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, இருட்டியபின் திரும்பி வந்து இறங்குகிறவர் சொந்த ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கிற ஊரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போமே என்று ஆசைப்பட்டவர், கடைசியில் எருக்கஞ்செடியின் இலையடியில் போய் நின்றார்.

லென்ஸ் வாங்குவது என்றால் உடனே கடைக்குப் போவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் வருஷக்கணக்கில் பேசவேண்டும். அதற்கு ரயில்பெட்டிதான் சபை. ஒரு பக்கம் சீட்டுக் கச்சேரி, ஒரு பக்கம் பஜனை, நடுவில் இவர். மாரிக்குப்பத்தில் தொடங்கும் விவாதம் பங்காரப்பேட்டையில் சூடுபிடித்து, கிருஷ்ணராஜபுரத்தில் பாதியில் நிற்கும். சாயங்கால வண்டியில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

“அண்ணே, 70-300 ஜூம்லயே மேக்ரோன்னு எழுதியிருக்குதே, அதையே வாங்கிடலாமே?” என்று புதிதாக வந்த தம்பி யாராவது கேட்டால் அவர் முகம் சுருங்கும். “எழுதியிருக்கும் தம்பி. அதெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு. பூச்சி ஒரு சென்டிமீட்டர்னா சென்சார்ல அரை சென்டிமீட்டர்தான் விழும். அசல் மேக்ரோன்னா ஒண்ணுக்கு ஒண்ணு. பூச்சி எவ்வளவோ, படமும் அவ்வளவு.” எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து, “பூச்சி அளவுக்கே படம் வர்றதுக்கா இவ்வளவு செலவு?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்.

அடுத்த கேள்வி, எத்தனை எம்எம்? 60 என்றால் லென்ஸே பூச்சியின் மேல் நிழல் போட்டுவிடும். 90, 100 என்றால் எல்லோரும் வாங்குவது. கைக்கு அடக்கம், விலையும் ஒருவாறு கட்டுப்படி. ஆனால் முழு அளவுக்கு எடுக்கும்போது லென்ஸின் மூக்குக்கும் பூச்சிக்கும் ஒரு சாண்கூட இருக்காது. தட்டான் அதற்குள் பறந்துவிடும். 180 எம்எம்தான் ராஜா. கேனான் 180-க்கு மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 48 சென்டிமீட்டர். அந்தக் கணக்கு சென்சாரிலிருந்து தொடங்குவது. கேமரா, லென்ஸ் இரண்டின் உடம்பையும் கழித்தால் பூச்சிக்கு முன்னால் மிஞ்சுவது ஒரு சாணுக்குச் சற்று மேல். எடை ஒரு கிலோவைத் தாண்டி இன்னும் 90 கிராம். செகண்ட் ஹாண்டிலேயே ஒரு மாதச் சம்பளம் போதாது.

அத்தனையும் கொடுத்து வாங்கி வருவார். வாசலில் உட்கார்ந்திருக்கும் நைனா, சாம்பியன் ரீஃபில் அடிச்சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பெட்டி திறக்கப்படுவதைப் பார்ப்பார்.

“இன்னாடா இது, தூரத்துல கீறது கிட்ட தெரியுமா?”

“இல்ல நைனா. கிட்ட இருக்கிறது பெருசா தெரியும். ஆனா மத்த லென்ஸவிடக் கொஞ்சம் தள்ளி நின்னு எடுக்கலாம்.”

“எவ்ளோ தள்ளி?”

மேக்ரோக்காரர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, பிறகு யோசித்துப் பாதியாகக் குறைத்துக் காட்டுவார். “அரைச் சாணு.”

“லைன் வீட்டுல அடுப்பங்கரைய அரைச் சாணு தள்ளிக் கட்டலாம்னு உங்கம்மா சாவுறவரைக்கும் கேட்டா” என்பதோடு நைனா பேச்சை முடித்துக்கொள்வார்.

ஞாயிறு விடிகாலை. வெயில் ஏறினால் பூச்சிகளுக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும்; குளிரில் விறைத்திருக்கும்போதே எடுக்கவேண்டும். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் ஓரத்தில் எருக்கஞ்செடி. இலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை. முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. வலது பக்க நடுக்கொம்பின் நுனியில் ஒரு பனித்துளி. மேக்ரோக்காரர் குப்புறப் படுக்கிறார். எஃப் 16 வைத்தாலும் முழு அளவில் கூர்மையாக விழும் ஆழம் இரண்டு மில்லிமீட்டர். நீள லென்ஸ் வாங்கினால் இந்த ஆழம் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். அளவும் துவாரமும் ஒன்றென்றால் 60-க்கும் 180-க்கும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். நீள லென்ஸ் கொடுப்பது அந்த அரைச் சாணும், பின்னாலிருக்கும் மேட்டை மங்கலான ஒரே நிறமாகக் கரைத்துவிடும் குறுகிய கோணமும். ஒண்ணுக்கு ஒண்ணில் வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் குறையும். எஃப் 16 போட்டால் சென்சாருக்குப் போய்ச்சேருவது எஃப் 32 வெளிச்சம். ஆகவே ஃப்ளாஷ். ஃப்ளாஷின் முன்னால், ஓட்டலில் சாம்பார் கட்டிக்கொடுத்த வெள்ளை டப்பா.

ஃபோகஸ் வளையத்தை அவர் தொடமாட்டார். அதை ஒண்ணுக்கு ஒண்ணில் நிறுத்திவிட்டு, முழங்கையை ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் நூலளவு அசைப்பார். கொம்பு கூர்மையானால் கண் மங்கும். கண் தெளிந்தால் கொம்பு போய்விடும். மூச்சை அடக்குவார். அந்த நேரம் பார்த்துக் காற்று வரும்.

காற்றோடு ஊரும் வரும். தங்கவயலில் ஒருவன் தரையில் படுத்துக்கொண்டு ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் ஊர் அவனைச் சும்மா விடாது. “இன்னாண்ணா, பொன்னு கிடைச்சுதா?” என்று ஒருவர் குந்துவார். இன்னொருவர் குச்சியால் மண்ணைக் கிளறத் தொடங்குவார். “புழுவைப் படம் எடுக்கிறேன்” என்றால் நம்பமாட்டார்கள். புழு பக்கத்தில் ஏதோ இருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறான் என்று இன்னும் நெருங்கி வருவார்கள். காவல்காரர் விசிலடித்துக்கொண்டு வருவார். 2018-இல் இந்த ஊரை வைத்துச் சினிமா வந்ததிலிருந்து செல்ஃபிக்காரர்களை விரட்டியே அலுத்துப்போனவர். கேமராத் திரையைக் காட்டினால், குனிந்து பார்த்து, “இது இங்கயா கீது? இத்தினி வருசமா இங்கதானே நிக்கிறேன்” என்று விசிலைப் பையில் போட்டுக்கொள்வார்.

கேலி செய்கிறவர்களுக்கு மேக்ரோக்காரர் ஒரு பதில் வைத்திருக்கிறார். “1965-ல இதே தங்கவயல்ல, ரெண்டு கிலோமீட்டருக்குக் கீழே உக்காந்து நியூட்ரினோ தேடிக் கண்டுபிடிச்சாங்க. அது கண்ணுக்கே தெரியாது. அவங்களைப் பார்த்து இன்னாத்துக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா? என் புழு கண்ணுக்காவது தெரியுதே!”

சொந்தக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பதில் செல்லாது. ‘பெரிய லென்ஸ் வைத்திருக்கிறான், போட்டோகிராபருக்கு ஏன் தண்டச் செலவு?’ என்று ஆண்டர்சன்பேட்டைக் கல்யாணத்துக்குக் கேமராவோடு அழைத்துவிடுவார்கள். குடும்பத்தார் பத்து மீட்டருக்கு வரிசையாக நின்றால், 180 எம்எம்மில் அவர்களை அடக்க ஐம்பது மீட்டர் பின்னால் போகவேண்டும். மண்டபத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து எதிர்க்கடைப் படியில் ஏறி நின்று, “எல்லாரும் இங்க பாருங்க” என்று அவர் கத்தும்போது குறுக்கே பஸ் போகும். ஆல்பத்தில் மிஞ்சியவை: பெரியத்தையின் மூக்குத்திக் கல், மருதாணியில் ஒரு ரேகை, அட்சதை அரிசியில் ஏறிய எறும்பு. மாப்பிள்ளை இல்லை. எறும்புக்கு மீசைகூடத் தெரிந்தது.

ஞாயிறு மதியம் கணக்குப் பார்க்கும் நேரம். நானூறு படம் எடுத்து, ஒன்று தேறும். “பரவால்லடா” என்பார் நைனா, பழைய ஞாபகத்தில். “கடைசி காலத்துல ஒரு டன் கல்லு உடைச்சா மூணு கிராம்தான் பொன்னு. உன் கணக்கு தேவலாம்.”

ஊக்கம் கிடைத்ததென்று மேக்ரோக்காரர் மெல்ல ஆரம்பிப்பார். கேனானிலேயே இன்னொன்று இருக்கிறதாம், 65 எம்எம். ஒண்ணுக்கு ஒண்ணில் தொடங்கி அஞ்சு மடங்குவரை போகும். புழுவின் தலை படத்தில் பெரிதாக நிற்கும். ஆனால் அஞ்சு மடங்கில் பூச்சிக்கு நாலு சென்டிமீட்டரில் லென்ஸ் நிற்கவேண்டும். இத்தனை பணம் போட்டு வாங்கிய அரைச் சாணையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நைனா யோசிப்பார். “இறங்க ஆரம்பிச்சா இறங்கிக்கினே இருக்கவேண்டியதுதான்டா. நாங்க மூணு கிலோமீட்டர் இறங்குனோம். போதும்னு சொன்னது கம்பெனி, நாங்க இல்ல.”

உள்ளே ஓட்டைக் கத்திரிக்காயைப் பாதி பாதியாக வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும் மனைவி, அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே சொல்வார்: “இந்த வீட்டுல கம்பெனி நான்தாங்க. போதும்.”