பீட்டாப் புகுபடலமும் விலகுபடலமும்

பாஸ்வேர்ட் மேனேஜர் செயலியின் பீட்டாப் பதிப்புக்குள் மனிதர் ஏன் புகுகின்றனர், புகுந்தவர் எவ்வாறு விலகுகின்றனர் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இதுகுறித்து முன்னூல் ஏதும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை.

முதற்கண் சொல்லாராய்ச்சி. தமிழ்க் காதுக்குப் பீட்டா என்றால் 2017 ஜனவரி, மெரினா, ஜல்லிக்கட்டு. “நேத்துதான் பீட்டாவுல இருந்து வெளிய வந்தேன் பெரியப்பா” என்று இவ்வாய்வாளர் ஒருமுறை போனில் சொல்லப்போக, மதுரைப் பக்கத்துப் பெரியப்பா சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, “நீ அதுல இருந்தியாடா?” என்றார். வீட்டில் மாடு வளர்ப்பவர். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், “சரி விடு, இப்பவாச்சும் புத்தி வந்துச்சே” என்று மன்னித்தும் விட்டார். கிடைத்த மன்னிப்பை விளக்கம் சொல்லிக் கெடுப்பானேன் என்று அது அப்படியே விடப்பட்டது. விலங்குநல அமைப்பாகிய அந்தப் பீட்டா வேறு என்க.

இந்தப் பீட்டா கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. ஐபிஎம் நிறுவனத்தில் ஒரு பொருளை அறிவிக்கும் முன் ‘ஏ’ சோதனை, தயாரிப்புக்கு அனுப்பும் முன் ‘பி’ சோதனை என்றொரு வழக்கம் இருந்தது. அவையே ஆல்ஃபா, பீட்டா ஆயின என்பர். சமையலறைக்குள்ளேயே உப்புப் பார்ப்பது ஆல்ஃபா. பந்தியில் நாலு பேருக்குப் பரிமாறிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பது பீட்டா. இந்த முகம் பார்க்கும் காலத்துக்கு வரம்பு கிடையாது. கூகுளின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று பீட்டாவாக வெளிவந்து, 2009 ஜூலை 7 வரை பீட்டாவாகவே இருந்தது. வெளிவந்த அன்று பிறந்த குழந்தை, ஜிமெயில் முழுமை பெறுவதற்குள் ஒன்றாம் வகுப்புக்குச் சீருடை தைத்திருக்கும்.

இனி, கடவுச்சொல். கடவு என்பது வழி. கடவுச்சீட்டு எல்லை கடக்க, கடவுச்சொல் வாயில் கடக்க. ஆகவே சொல்லை மறந்தவன் கடவான் என்பது சொல்லிலேயே பெறப்படும். பாஸ்வேர்ட் மேனேஜரைக் ‘கடவுச்சொல் மேலாளர்’ என்று பெயர்த்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் உண்டு. மேலாளர் என்றதும் சிற்றூர் வங்கிக் கிளைதான் நினைவுக்கு வருகிறது: எல்லாச் சாவியும் அவரிடம் இருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார்.

இவ்வகைச் செயலி நேற்று முளைத்ததன்று. புரூஸ் ஷ்னையரின் பாஸ்வேர்ட் சேஃப் 1997இல் வந்தது. ஒன்பாஸ்வேர்ட் 2006, பிட்வார்டன் 2016. தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: நூறு சாவியை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டு, அந்தப் பெட்டியின் சாவியை மட்டும் மண்டையில் வை. அதற்கு மாஸ்டர் பாஸ்வேர்ட் என்று பெயர். மற்றதெல்லாம் மறக்கலாம். மறப்பதற்காகவே செய்த சாதனம்.

இங்கேதான் ஆய்வுச் சிக்கல் எழுகிறது. வானிலைச் செயலியின் பீட்டாவைப் போட்டால் என்ன நட்டம்? மழை என்னும், வெயிலடிக்கும்; பழகியதுதானே. ஆனால் பாதி செய்த பூட்டை வாங்கி மாட்டி, உள்ளே நகையை வைத்து, “திறக்கலைன்னா சொல்லி அனுப்புறேன் ஆசாரி” என்று ஒப்புக்கொள்ளும் ஒரே ஒரு மனிதரைத் திண்டுக்கல் பூட்டுக் கடை எதிலாவது காட்ட முடியுமா? அதே மனிதர் கையில் போன் இருந்தால் ஒப்புக்கொள்கிறார். இலவசமாக. சிலர் சந்தா கட்டிவிட்டு.

காரணம் ஆராயின், ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பீட்டாவில் சேரும் பொத்தான் இருக்கும். வேலை உள்ளவன் அவ்வளவு கீழே போவதில்லை. போனவன் சேராமல் திரும்புவதில்லை. சில வேளை பொத்தானுக்குப் பதிலாக, பீட்டா நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு இருக்கும். இதனினும் வலிய விளம்பரம் இல்லை. தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டிய பிறகுதான் நமக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை வருகிறது. இவ்வாய்வாளர் நிரம்பிய பீட்டா ஒன்றைப் பதினோரு நாள் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் இடம் கிடைத்தது. அன்று அலுவலகத்தில் நடையே வேறாக இருந்ததாகச் சொல்கிறார்கள். செயலியின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது.

ஐபோன்காரர்களுக்கு டெஸ்ட்ஃப்ளைட் என்று தனிச் சத்திரமே உண்டு. ஒரு செயலிக்கு வெளியார் 10,000 பேர் வரை தங்கலாம். ஒரு பதிப்பின் ஆயுள் 90 நாள். அதற்குள் புதிய பதிப்பு வராவிட்டால் பழையது திறக்காது. மாங்காய் ஊறுகாய்க்குக் கூட அதைவிட ஆயுள் கூடுதல்.

உள்ளே போனபின் வாழ்க்கை எப்படி என்று கேட்பார் உளர். வாரம் ஓர் அப்டேட் வரும். அதில் என்ன மாறியது என்ற இடத்தில் ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்றிருக்கும். எந்தப் பிழை என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் “சரி பண்ணிட்டேன் சார்” என்றதும் நாம் எதைக் கேட்கிறோம்? தானாக நிரப்பும் வசதி ஒரு வாரம் நன்றாக நிரப்பும், மறுவாரம் தூங்கும். ஒருநாள் மின் கட்டணம் கட்டப் போன இடத்தில், மளிகைச் செயலியின் பாஸ்வேர்டை எடுத்துப் பயனர் பெயர் கட்டத்தில் வைத்தது. பாஸ்வேர்ட் கட்டமாவது புள்ளி புள்ளியாக மறைக்கும். பயனர் பெயர் கட்டம் பச்சையாகக் காட்டும். பக்கத்தில் நின்ற மைத்துனன் படித்துவிட்டு, “என்ன மாமா, பாஸ்வேர்ட்ல ரசப்பொடி எல்லாம் வருது?” என்றான்.

இதில் கோபம் வந்தாலும் ப்ளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்ட வழியில்லை. பீட்டாக்காரர் எழுதும் கருத்து செயலியைச் செய்தவருக்கு மட்டுமே போகும், ஊருக்குத் தெரியாது. வீட்டு மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் அதே உரிமை: குறை சொல்லலாம், அறைக்குள்.

ரகசியம் ஊருக்குத் தெரிவது இத்துறைக்குப் புதிதன்று என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கணினியில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவாகி 1961இல் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்போடு வேர்விட்டது. பலர் ஒரே கணினியை முறைவைத்துப் பயன்படுத்த, அவரவர் கோப்பை அவரவர் மட்டும் பார்க்கப் பூட்டு வேண்டியிருந்தது. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளை அட்டை ஒன்றைக் கொடுத்தார். கணினி அச்சிட்டுத் தந்தது. கேட்டவர்க்கு இல்லையென்னாத காலம்.

இன்னொன்று அதைவிட அழகு. 1960களின் நடுவில் அதே அமைப்பில், திருத்தி எழுதும் செயலி தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்த, அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் ‘இன்றைய அறிவிப்பு’ என்று எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக ஓடியது. அத்தனை பேரும் தாம் கையெழுத்துப் போடாத பீட்டாவில் இருந்தவர்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

புகுபடலம் இத்துடன் முற்றும். விலகுபடலத்துக்குப் பழைய நூற்பா கிடைக்காமையால் ஆய்வாளரே ஒன்று இயற்றினார். பழமை தோன்றும் பொருட்டு எதுகை தவிர்க்கப்பட்டது:

புகுதல் எளிதே விலகல் அரிதே
மறந்தோன் மறந்ததை நினையுங் காலே.

முதல் இரண்டு ஏகாரமும் தேற்றம். கடைசி ஏகாரம் இரங்கல்.

இவ்விடத்தில் அபிமன்யுவை இழுத்து வருவது மேடை வழக்கம். இவ்வாய்வு அதை மறுக்கிறது. சக்கர வியூகத்துக்குள் போகும் முன்பே, உடைத்து நுழையத் தெரியும், வெளியேறத் தெரியாது என்று அவன் தருமனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நம் பீட்டாக்காரனுக்கு அந்த ஞானம் கிடையாது. விலகும் பொத்தானும் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, வாசல் இரண்டும் ஒரே அகலம் என்று நம்பி நுழைந்தவன் அவன்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்கும். போனில் இருக்கும் பீட்டா போனிலேயே இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. ஏறுமுகமான அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆண்ட்ராய்டு புதியதை நிறுவும். பெரிய எண்ணின் மேல் சிறிய எண்ணை ஏற்றாது. பீட்டாவின் எண் பெரும்பாலும் பெரிது. ஆகவே நிலையான பதிப்புக்கு உடனே திரும்ப வேண்டுமானால் செயலியையே அன்இன்ஸ்டால் செய்து, முதலிலிருந்து நிறுவ வேண்டும். அவசரப்பட்டு, பெயரை நீக்காமலே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் ஸ்டோர் மறுபடி பீட்டாவையே இறக்கித் தரும். பெயரை நீக்கிய கையோடு நிறுவினாலும் சில சமயம் பீட்டாவே வரும், நீக்கிய செய்தி அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும் என்பதால். வீட்டைக் காலி செய்து லாரியில் ஏற்றிய சாமான், ஊரைச் சுற்றிவிட்டு அதே வீட்டு வாசலில் இறங்குவது போல. ஆய்வாளருக்கு இரண்டு முறை இறங்கியது.

குரோம் உலாவி இதில் நாகரிகம் தெரிந்தது. அதன் பீட்டா தனி ஐகானோடு தனிக்குடித்தனம் நடத்துகிறது. வேண்டாமென்றால் அதை மட்டும் அனுப்பிவிடலாம். நம் மேலாளரோ கூட்டுக்குடும்பம். பீட்டாவை வெளியே அனுப்பினால், அவர் போனில் பூட்டி வைத்திருந்த பெட்டகப் பிரதியும் கூடவே போய்விடும். பயப்பட வேண்டாம், மூலம் நிறுவனத்தின் சர்வரில் பூட்டியபடி பத்திரமாக இருக்கிறது. திரும்ப உள்ளே நுழைந்தால் எல்லாம் கிடைக்கும். நுழைய ஒன்றே ஒன்று வேண்டும்.

மாஸ்டர் பாஸ்வேர்ட்.

இதுவே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. நாள்தோறும் அந்தப் பெட்டியைத் திறப்பது நம் கட்டைவிரல். செயலி எப்போதாவது முழுச் சொல்லைக் கேட்கும். அப்போது நாம் பஸ்ஸில் இருப்போம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிடுவோம். ஆக, எல்லாவற்றையும் மறக்கவென்று வாங்கிய சாதனத்தில் மறக்கக்கூடாத ஒன்றையும் விரல் நமக்காக மறந்து கொடுத்திருக்கிறது. பீட்டாவிலிருந்து விலகுவதென்பது அந்த மறதிக்கு வைக்கும் பொதுத்தேர்வு. செயலி செய்தவர்களுக்கே தெரியாமல் பீட்டாத் திட்டம் இந்தத் தொண்டைச் செய்துவருகிறது என்க.

ஒன்பாஸ்வேர்டில் கேள்வித்தாள் இன்னும் கடினம்: மாஸ்டர் பாஸ்வேர்டோடு 34 எழுத்து எண்ணாலான ரகசியச் சாவியும் வேண்டும். அதை ஒரு தாளில் அச்செடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். பத்திரமாக வைத்த தாள் கிடைக்காது என்பது இந்தியக் குடும்பங்களில் பத்திரம் என்ற சொல்லுக்கே இலக்கணம்.

இவ்வாய்வாளர் தேர்வெழுதிய நாள் ஒரு ஞாயிறு, காலை பதினொன்று. முதல் முயற்சி தவறு. இரண்டாவது, பெரிய எழுத்தில் தொடங்கியது, தவறு. குறிப்பு ஏதும் வைத்தோமா என்று பார்த்ததில், ஆய்வாளரே முன்னொரு காலத்தில் தமக்கு எழுதி வைத்த குறிப்பு கிடைத்தது: ‘வழக்கமானது’. எந்த வழக்கம், எந்த ஆண்டின் வழக்கம் என்பதற்கு உரை இல்லை. நிறுவனத்தைக் கேட்கலாமா என்றால், அவர்கள் வடிவமைப்புக்கே ‘ஸீரோ நாலெட்ஜ்’ என்று பெயர். வாடிக்கையாளரின் சாவி அவர்களுக்கே தெரியாதபடி கட்டியிருப்பதுதான் பெருமை. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது இங்கேயும் அறிவு பூஜ்யமாக இருந்தது. இரு தரப்பும் சமநிலையில் நின்றன.

அப்போது அடுப்படியிலிருந்து மிக்ஸியை நிறுத்தாமலே குரல் வந்தது. “என்னங்க, திருச்செந்தூர் போயிட்டு வந்த அன்னிக்கு வச்சீங்களே அதுவா? திருச்செந்தூர், நடுவுல ஒரு அட், நம்ம பழைய டிவிஎஸ் வண்டி நம்பர், கடைசில ரெண்டு ஆச்சரியக்குறி.”

திறந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான் டைப் பண்றப்ப ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லுவீங்களே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றீங்க.”

மிக்ஸிக்கு மேல் எழுந்த குரலாகையால் மாடி வீட்டாருக்கும் கேட்டிருக்கும் என்று ஆய்வாளர் ஐயுற்றார். பாதுகாப்பு விதிகளின்படி மாஸ்டர் பாஸ்வேர்டை உடனே மாற்றுவதென்று முடிவு செய்து, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இருபது எழுத்தில் புதிது ஒன்றை அடித்து முடித்தார்.

“கடைசில ஒன்பதா, ஏழாங்க?” என்றது வெளியே குரல். “அங்கதான் சரியா கேக்கல.”